சீகன்பால்குவின் முதல் நாட்கள்: தரங்கம்பாடிக் கடிதங்கள் - ஒரு மதிப்பீடு

பார்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719) தமிழ்நாட்டிற்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி. 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கியது முதல் அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள், அந்நிய மண்ணில் பணியேற்ற ஓர் இளைஞரின் தொடக்க நாட்களைப் பதிவு செய்தவை. மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் இக்கடிதங்களைத் திருச்சபையின் முதல் அத்தியாயமாக வாசித்தார்கள். அச்சு வரலாற்றை எழுதியவர்கள் 1715-ல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கான முன்கதையாக வாசித்தார்கள். இரண்டு வாசிப்பிலும் ஒரு பகுதி அவசரமாகக் கடக்கப்படுகிறது. கடிதங்களின் முதல் பாதியில் இருப்பவர் போதகர் அல்லர், மாணவர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், அவருடைய பிழைகளை யார் திருத்தினார்கள் என்பதை அக்கடிதங்கள் சில இடங்களில் விரும்பியும் பல இடங்களில் விரும்பாமலும் சொல்லிவிடுகின்றன. அவற்றின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

கரையிறங்கிய நாள்

சீகன்பால்கு சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலம் எப்போதும் சரியில்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் தன் ஆட்சிக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது, டென்மார்க்கில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியிலிருந்து இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோவும் 1705 நவம்பரில் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் புறப்பட்டு, ஏழு மாதங்களுக்கும் மேலான பயணத்துக்குப் பின் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது ஏறத்தாழ 24 வயது.

தரங்கம்பாடி 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்த கடற்கரை ஊர். டான்ஸ்போர்க் கோட்டை, மதில் சூழ்ந்த சிறு நகரம், சுற்றிலும் சில கிராமங்கள். அவ்வளவுதான் அவர்கள் ஆட்சி. 1706-ல் தஞ்சையில் மராத்திய மன்னர் ஷாஜி ஆண்டுகொண்டிருந்தார். கோட்டைக்குள் அதிகாரம் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் ஹாசியஸிடம் இருந்தது. வாணிபத்துக்கு இடைஞ்சல் என்று கருதியதால் கம்பெனி இந்த மிஷனை விரும்பவில்லை. மன்னரின் கடிதம் மிஷனரிகளின் கையில் இருந்தது. அதற்கு எதிரான கம்பெனியின் மனநிலை ஆளுநரிடம் முன்பே வந்து சேர்ந்திருந்தது.

கரையிறங்கிய நாளைப் பற்றிய பகுதி எல்லா மிஷன் வரலாறுகளிலும் மேற்கோளாக இடம்பெறுகிறது. வெயிலில் பல மணி நேரம் காக்கவைக்கப்பட்டது, ஆளுநர் முகம்கொடுத்துப் பேசாதது, பிறகு நகரின் சந்தைவெளியில் ஆதரவின்றி விடப்பட்டது, கடைசியில் யாரோ இரங்கித் தங்க இடம் காட்டியது என்று அது செல்கிறது. நிகழ்வு உண்மைதான். ஆனால் அது எழுதப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. பட்ட அவமானத்தைச் சீகன்பால்கு அழுத்தமாகவே சொல்கிறார். துன்பத்தோடு தொடங்கும் பணி தெய்வத்துக்கு உகந்தது என்பது ஹாலே பக்தி இயக்கத்தாரின் நம்பிக்கை. கடிதத்தைப் படிக்கப் போகிறவர்களும் அவர்களே. ஆகவே இப்பகுதி அனுபவப் பதிவாகவும் அதே சமயம் ஒரு வகை எழுத்தின் இலக்கணத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கிறது. அடுத்து வரும் பகுதிகளில் இந்த இலக்கணம் மெல்ல உடைகிறது. காரணம் எளிது. மொழி கற்பதைத் துன்பக்கதையாகவோ வெற்றிக்கதையாகவோ எழுத முடியாது. அன்றாடம் என்ன செய்தேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

திண்ணைப் பள்ளியின் மாணவர்

கடற்கரைப் பட்டினங்களில் அன்று ஐரோப்பியரும் உள்ளூராரும் பேசிக்கொள்ளப் பயன்பட்டது சிதைந்த போர்த்துகீசிய மொழி. மிஷனரிகள் முதலில் அதைக் கற்கத் தொடங்கினர். விரைவிலேயே வேலை பிரிந்தது. புளுட்சோ போர்த்துகீசிய மொழியில் கவனம் செலுத்தினார், சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே குறிப்பிட்டனர். சீகன்பால்குவின் எழுத்துகளில் 'மலபாரியர்' என வருவது தமிழரையே, கேரளத்தவரை அல்ல. மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ் கற்பிக்க அகராதி இல்லை, இலக்கண நூலும் கைக்குக் கிடைக்கவில்லை. எனவே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திவந்த முதிய ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியையே தங்கள் வீட்டுக்கு வரச் செய்தனர். அவர் பெயர் எல்லப்பர், வயது எழுபதை ஒட்டியது. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, சீகன்பால்கு எழுத்துகளைக் கற்றார். இந்தக் காட்சி பிற்காலத்தில் புகழ்பெற்ற சித்திரமாகிவிட்டது. வெள்ளைக்காரர் மணலில் அமர்ந்தார் என்பதிலேயே வியந்து நின்றுவிடும் எழுத்துகள் ஏராளம். அந்த மணலில் என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

திண்ணைப் பள்ளியில் ஒரு பிள்ளை எழுத்தைக் கண்ணால் மட்டும் கற்பதில்லை. வாயால் ஒலித்துக்கொண்டே விரலால் எழுத வேண்டும். ஆசிரியர் முதலில் விரலைப் பிடித்து எழுதவைப்பார். பிறகு பிள்ளை எழுதி எழுதி அழிக்கும். மணலில் எழுதுவதன் நன்மை அதுதான். தவறு நிலைத்து நிற்காது. நெடுங்கணக்கு முழுவதும் கைக்கு வந்த பின்பே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். கூடவே வாய்ப்பாடும் எண்சுவடியும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற நீதி நூல்களும் மனப்பாடம். பொருள் உடனே புரிய வேண்டியதில்லை, பிறகு வரும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லுவான், மற்றவர்கள் கூடவே உரக்கச் சொல்லுவார்கள். இன்றைய கல்வியியல் இதில் பாதியைக் குறை சொல்லும். மனப்பாடத்தைப் பற்றிய குறை நியாயமானதும்கூட. ஆனால் ஒலி, கை, நினைவு மூன்றையும் ஒரே நேரத்தில் பயிற்றுவிக்கும் முறையாக அதைப் பார்த்தால், ஒரு வயதுவந்த அந்நியர் ஓராண்டில் தமிழ் பேசத் தொடங்கியது எப்படி என்று விளங்கும்.

இதே முறையைத்தான் ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின் ஆண்ட்ரூ பெல் சென்னையில் கண்டார். எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பிலிருந்த அவர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-ல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்ற பெயரில் பரவியது. பெல் திண்ணைப் பள்ளியை வெளியே நின்று பார்த்தவர். சீகன்பால்கு உள்ளே அமர்ந்து கற்றவர். கல்வி வரலாற்றில் பெல்லின் பெயர் நிற்கிறது. அவருக்கு முன்பே அந்த முறையின் பயனை மாணவராக இருந்து காட்டியவரின் சாட்சியம் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்றைய ஓலைத் தமிழ் இன்று நாம் காணும் அச்சுத் தமிழ் அல்ல. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. அதாவது ஓலையை வாசிக்க வேண்டுமானால் வாசிக்கப்போகும் சொல் முன்கூட்டியே காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தைக் கற்றுவிட்டுத் தனியே அமர்ந்து நூல் படிக்கலாம் என்ற ஐரோப்பியப் பழக்கம் இங்கே உதவாது. ஆசிரியர் அருகில் இருந்தே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் தம் அன்றாட ஒழுங்கை விவரிக்கும்போது சீகன்பால்கு இதையே உறுதிப்படுத்துகிறார். காலையில் முதல் வேலை, கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. பிறகு நண்பகல் வரை ஒரு புலவரையும் ஓர் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு புதிய நூல்களை வாசிப்பது. புலவர் பொருள் சொல்லுவார், எழுத்தர் குறிப்பெடுப்பார். மாலையிலும் வாசிப்பு. இரவில் கண் சோர்ந்தபின் வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். இந்தப் பகுதி கடிதங்களிலேயே மிக உயிருள்ள பகுதி. அதில் பிரசங்கம் இல்லை, முறையீடு இல்லை. நேரமும் வேலையும் மட்டும் இருக்கின்றன.

பேச்சுத் தமிழைப் பொறுத்தவரை அவருக்குப் பெரிதும் உதவியவர் அழகப்பன். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர், போர்த்துகீசிய மொழியோடு ஐரோப்பிய மொழிகள் சிலவும் அறிந்தவர். எல்லப்பருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. எழுத்தையும் நூலையும் எல்லப்பரிடமும், பொருளையும் வழக்கையும் அழகப்பனிடமும் கற்றார் என்று ஏறத்தாழச் சொல்லலாம். 1707 ஆகஸ்டில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் பிரசங்கம் நடந்தது. வந்து 13 மாதங்களே ஆகியிருந்தன.

முன்னும் பின்னும் வந்தவர்கள்

சீகன்பால்குவின் தொடக்கத்தைச் சரியாக எடைபோட, அவருக்கு முன் வந்த கத்தோலிக்கக் குருமார்களின் தொடக்கத்தோடு ஒப்பிட வேண்டும். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். மொழிக்குள் நுழைய அவருக்கு நேரம் இல்லை. அவரை அடுத்து வந்த அன்றிக் அடிகளார் நுழைந்தார். தமிழுக்கு ஐரோப்பிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய உழைப்பே. தமிழில் முதல் அச்சு நூலைத் தந்தவர் சீகன்பால்கு என்று இன்றும் சில பொது அறிவு நூல்களில் காணப்படுவது பிழை. சீகன்பால்கு வருவதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன், 1606-ல், இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்த சிவதர்மர் என்ற அந்தணரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நோபிலி மேலோரின் மொழியையும் நடையுடையையும் நாடினார். சீகன்பால்கு தொடங்கியது பிள்ளைகளின் பாடத்தில். இருவரின் பிற்காலத் தமிழிலும் இந்த வேறுபாடு தெரிகிறது.

பின்னால் வந்தவர்களுக்கு இது ஓர் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. கொங்கு நாட்டில் லண்டன் மிஷன் 1830-ல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கியது. ஆடிஸ் என்பவர் அங்கே நீண்ட காலம் பணியாற்றினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள், புதிதாக வரும் மிஷனரி முதலில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்து மொழித் தேர்வு எழுத வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. ஈரோட்டில் பணியாற்றிய எச். ஏ. பாப்லி அந்த வழியில் வந்தவர். தேர்வோடு நிற்காமல் கர்நாடக இசையைக் கற்று 1921-ல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1931-ல் குறளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அச்சிட்ட இலக்கணமும் அகராதியும் முன்ஷியும் பாப்லி தலைமுறைக்கு இருந்தன. எல்லப்பரின் திண்ணை அவற்றுக்கெல்லாம் முந்திய நிலை.

இன்று கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்திறங்கும் இளைஞரும் தமிழ் கற்கிறார். அவருக்குத் திண்ணையும் இல்லை, முன்ஷியும் இல்லை. பட்டறையிலும் தேநீர்க் கடையிலும் காதால் கேட்டே கற்றுவிடுகிறார். பேருந்தின் பெயர்ப்பலகை பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்குப் படமாகவே இருக்கிறது. சீகன்பால்கு நேர் எதிர்த் திசையில் சென்றவர். அவருக்கு எழுத்து முதலில் வந்தது. அதற்கு வசதியும் வேண்டும், ஓய்வும் வேண்டும், வீட்டுக்கே வந்து கற்பிக்க ஓர் ஆசிரியரும் வேண்டும். அந்த வசதி அவருக்கு இருந்தது என்பதைக் கடிதங்களின் துன்பக் குறிப்புகள் சற்று மறைத்துவிடுகின்றன.

உடைக்கப்பட்ட மண் உருவங்கள்

கடிதங்களில் இன்றைய வாசகரை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. வந்த சில மாதங்களுக்குள், ஊர்ப்புறத்தில் ஒரு கோயிலருகே இருந்த மண் உருவங்கள் சிலவற்றைத் தள்ளி, தலைகளை உடைத்ததாக அவரே எழுதுகிறார். இவை ஆற்றலற்றவை என்று மக்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தாராம். அங்கிருந்த கற்றவர் ஒருவர் பதற்றமின்றி விடை சொல்கிறார்: இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் படைவீரர்கள் மட்டுமே.

இந்தச் செயலை அக்காலச் சூழல் என்று சொல்லி மென்மையாக்க வேண்டியதில்லை. அது ஒரு கோயிலுக்குச் செய்யப்பட்ட அவமதிப்பு. ஆனால் அந்த விடையைக் கடிதத்தில் சேர்த்து எழுதியது அவரே என்பதும் உண்மை. அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ஐரோப்பிய வாசகருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. விடை சொன்னவர் கோபப்படவில்லை, விளக்கினார். நீ எதை உடைத்தாய் என்பதே உனக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்த விளக்கத்தின் பொருள். கிராமப்புறத்தில் ஐயனார் கோயிலைக் கண்ட எவருக்கும் அந்தப் படைவீரர் வரிசை பழக்கமானது.

ஏழாண்டுகள் கழித்து, 1713-ல், சீகன்பால்கு தமிழரின் தெய்வ வரிசையைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் மும்மூர்த்திகளோடு நிற்காமல் ஐயனாரையும் கிராமத் தேவதைகளையும், அவர்களுடைய கோயில் அமைப்பு, வழிபாடு, விழா ஆகியவற்றையும் தனித்தனியே விவரிக்கிறார். தமிழர்களே தமக்கு எழுதிய கடிதங்களையும் தமிழ் நூல்களையும் ஆதாரமாகக் கொள்கிறார். அவர் நம்பிக்கை மாறவில்லை, மதம் பற்றிய தீர்ப்பும் மாறவில்லை. மாறியது, தெரியாததைப் பற்றிப் பேசக்கூடாது என்ற ஒழுங்கு. அந்த நூல் ஹாலேயில் அச்சேறவில்லை. 1867-ல் தான் சென்னையில் ஜெர்மான் என்பவர் பதிப்பித்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்ற கருத்து அங்கே இருந்தது. இந்த நூலுக்கான முதல் தூண்டுதல் எங்கே கிடைத்தது என்று ஒற்றை நிகழ்வைச் சுட்டுவது மிகை. ஆனால் 1706-ன் பிழையையும் 1713-ன் பொறுமையையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது, இடையில் தமிழ் ஆசிரியர்கள் செய்த வேலையின் அளவு தெரிகிறது.

யாருக்காக எழுதப்பட்டவை?

இக்கடிதங்கள் தனிப்பட்டவை போலத் தோன்றினாலும் விரைவிலேயே பொதுவாசிப்புக்கு வந்தவை. 1708-லேயே ஜெர்மனியில் சில அச்சாகின. 1709-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1710 முதல் ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தொடர் வெளியீடாகப் பதிப்பித்தார். வாசித்தவர்கள் நன்கொடை தந்தவர்கள். பதிப்பித்தவர்கள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தார்கள். ஆகவே அச்சில் இருப்பதை மட்டும் கொண்டு சீகன்பால்குவின் மனத்தை அளப்பதில் எச்சரிக்கை வேண்டும். மிஷனரி கடிதம் என்றாலே நம்பத்தகாத பரப்புரை என்று தள்ளுவதும், கண்ணால் கண்டவர் சாட்சி என்று அப்படியே ஏற்பதும் தமிழ்ச் சூழலில் இன்றும் நடக்கின்றன. இரண்டும் வாசிப்பின் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள். மதமாற்றம் பற்றிய இடத்தில் கடிதங்கள் நன்கொடையாளரை நோக்கிப் பேசுகின்றன. ஆளுநரைப் பற்றிய இடத்தில் வழக்குரைக்கின்றன. அந்தப் பகை முற்றி 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதங்களுக்கு மேல் அவர் கோட்டையில் சிறைவைக்கப்பட்டதை நினைத்தால் அதுவும் இயல்பே. ஓலை, புலவர், பாடம், நூல் விலை பற்றிய இடங்களில் யாரையும் மகிழ்விக்க வேண்டிய தேவை இல்லை. அவை மிகுந்த நம்பகத்தன்மை உடையவை.

1708-ல் அவர் தொகுத்த நூற்பட்டியல் இதற்குச் சான்று. தாம் திரட்டிய சுவடிகளில் தமிழரின் சமய, இலக்கிய நூல்களாக மட்டும் 119 நூல்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. பிள்ளைகள் படிக்கும் சிறு நூல்களும் உண்டு. வந்து இரண்டே ஆண்டுகளில் இத்தனை நூல்களை ஒருவர் சேர்த்தது எப்படி? எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, கணவரை இழந்த அந்தணப் பெண்களிடமிருந்து சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியதாக அவர் கூறுகிறார். வறுமையிலிருந்த பெண்கள் வீட்டுச் சுவடியைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிய அந்தத் தருணம் ஒரே வரியில் கடந்துபோகிறது. சுவடிகள் காக்கப்பட்டன என்று மகிழ்வோர், அவை எந்த நிலையில் கைமாறின என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லப்பரின் வீடு

இந்த நூல்களைத் திரட்டவும் விளங்கிக்கொள்ளவும் பெரிதும் துணைநின்றவர் எல்லப்பரின் மகன் கணபதி வாத்தியார் என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. இளைஞர், புலமை உள்ளவர், ஏறத்தாழச் சீகன்பால்குவின் வயதை ஒட்டியவர். 1709-ல் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது குடும்பத்திலும் ஊரிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மிஷன் வரலாறுகள் இதை ஒரு வெற்றியாகவும் பின்னர் ஒரு சிக்கலாகவும் எழுதுகின்றன. அந்த வீட்டின் பக்கத்திலிருந்து இது எழுதப்படவே இல்லை. பள்ளியை அந்நியரின் வீட்டுக்குக் கொண்டுசென்ற முதியவர், தம் மகன் அதே வீட்டின் சமயத்துக்குள் சென்றதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது கடிதங்களில் இல்லை. எழுத்துகளை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பது இருக்கிறது, வயது இருக்கிறது. அவர் என்ன நினைத்தார் என்பது இல்லை. கடிதங்களின் மிகப் பெரிய குறை இது. தமிழ் ஆசிரியர்களின் அறிவு முழுவதும் அவற்றில் பயன்பட்டிருக்கிறது. அவர்களின் மனம் அவற்றில் வரவில்லை. ஆசிரியரைத் 'தம் பழைய பள்ளி ஆசிரியர்' என்று குறித்துவிட்டு நகரும் பழக்கம் சீகன்பால்குவுக்கு மட்டும் உரியதல்ல. முன்ஷிகளின் பெயர் இல்லாத அகராதிகளும் இலக்கணங்களும் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் வந்தன.

முதல் ஆசிரியரின் தடம் மாணவரின் மொழியில் நெடுநாள் இருக்கும். சீகன்பால்குவின் விவிலியத் தமிழைப் பற்றி வீரமாமுனிவர் செய்த கேலி புகழ்பெற்றது. தரங்கம்பாடியாரின் மொழிபெயர்ப்பு கொச்சை என்றும் படிக்க ஒவ்வாதது என்றும் தம் 'வேத விளக்க'த்தில் கடுமையாகச் சாடினார். சமயப் போட்டி அதில் உண்டு. ஆயினும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. கடற்கரைப் பேச்சுவழக்கும், துபாஷியின் சொல்லாட்சியும், மூலமொழிகளின் தொடரமைப்பும் கலந்து அந்தத் தமிழ் தடுமாறத்தான் செய்கிறது. பின்னர் பப்ரிசியஸ் அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. வீரமாமுனிவருக்குச் செய்யுளும் இலக்கணமும் கற்பிக்கப் புலவர்கள் கிடைத்தார்கள், எழுதியது காப்பியம். சீகன்பால்குவுக்குக் கிடைத்தவை திண்ணையும் சந்தையும். அவர் எழுதியது சந்தையில் நிற்பவருக்கும் புரிய வேண்டிய உரைநடை. தமிழ் உரைநடை அப்போது வழிகாட்டி இல்லாத காடு. அந்த நிலையில் பேச்சை நோக்கிச் சாய்ந்ததைப் பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வீரமாமுனிவரின் கேலி இலக்கியத் தீர்ப்பாகச் சரி, மொழி வரலாற்றுத் தீர்ப்பாகப் போதாது.

சீகன்பால்குவின் 'கிராமாட்டிகா தாமுலிகா' என்ற இலத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சானது. வேற்றுமைகளையும் வினைகளையும் இலத்தீன் சட்டத்துக்குள் அடைக்கும் நூல் அது. நன்னூலைக் கற்றவர்க்கு நகைப்பு வரலாம். ஆனால் அதில் எடுத்துக்காட்டாக வரும் தமிழ் பேசும் தமிழ். அங்கேயும் அழகப்பனின் குரல்தான் கேட்கிறது.

இலக்கணத்தைவிடவும் முதல் நாட்களுக்கு நெருக்கமான சான்று வேறொன்று. சிறைக்குச் செல்லும் முன், 1708-ல், சீகன்பால்கு மூன்று தமிழ் நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திருக்குறளும் தொல்காப்பியமும் கையில் இருந்தும் அவற்றை எடுக்கவில்லை. அவர் எடுத்தவை நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி. எல்லப்பரின் பிள்ளைகள் மணலுக்கு முன் அமர்ந்து உரக்கச் சொன்ன பாடம் அது. தமிழ்ப் பிள்ளை எந்த வரிசையில் தமிழ் படித்ததோ ஏறத்தாழ அதே வரிசையில் அவரும் படித்தார், படித்த வரிசையிலேயே தம் நாட்டாருக்குக் கொடுத்தார். ஹாலேயில் அவை அச்சாகவில்லை. 222 ஆண்டுகள் கையெழுத்துப் படியாகக் கிடந்து, 1930-ல் டச்சு அறிஞர் காலண்ட் பதிப்பித்தபோதுதான் வெளிவந்தன. அந்த ஆண்டிலும் தமிழ்நாட்டுத் திண்ணைகள் சிலவற்றில் பிள்ளைகள் கொன்றைவேந்தனை முறை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.